புதுப்பேட்டையில் பஸ் டிக்கெட்டோடு வந்த பெரியவருக்கு

ஐயா, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த வருத்தம் தீரவில்லை.

அது மைசூரில் தயாரான, அப்பாவின் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள். கொல்லையில் துருவேறிக் கிடந்ததை எட்டு மாதமாக நானே பிரித்துக் கோத்தேன். டாங்குக்கு வண்ணம் பூசி, கைப்பிடியைத் தாழ்வாக மாற்றினேன். அதற்கு முன் ஸ்பேனர் பிடித்தவனே இல்லை. எத்தனை உதைத்தும் புகைக்குழாயில் வெடிச்சத்தம் மட்டுமே வந்தது. புதுப்பேட்டை உதிரிபாகக் கடை ஒன்றில் எஞ்சினையே மாற்றச் சொன்னார்கள். நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன்.

"உதைக்காதே தம்பி, பாயிண்ட் நேரம் தவறித் திறக்கிறது" என்று நீங்களாகவே வந்து குந்தினீர்கள். சட்டைப்பையிலிருந்த பஸ் டிக்கெட்டைக் கிழித்து, பாயிண்டின், அதாவது தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சிறு சுவிட்சின், இரு முனைகளுக்கு நடுவே செருகினீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளையில், பிஸ்டன்மேல் நிற்கும்படி ஒரு பென்சில். எஞ்சினை மெல்லச் சுழற்றி, பென்சில் உச்சிக்கு ஏறுவதற்குச் சற்று முன்பே தாள் நழுவ வேண்டும் என்று காட்டினீர்கள். இரண்டு முறை நீங்கள் செய்தீர்கள். மூன்றாவது முறை என் கையால் செய்ய வைத்தீர்கள். தாள் நழுவிய அந்த நொடி இன்னும் என் விரலில் இருக்கிறது.

இரண்டாவது உதையில் வண்டி உயிர் பெற்றது. தேநீர் வாங்கித் திரும்பினால் உங்களைக் காணவில்லை.

உங்கள் விரல் எண்ணெய் பதிந்த அந்த டிக்கெட் துண்டு என் கருவிப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. நேற்று அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரை வரை போய்வந்தேன், ஐயா. மிக்க நன்றி.