மக்களே, தனியாக ஏணி ஏறாதே

அன்புள்ள மக்களே,

நேற்று ராத்திரி போனில் பாதி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா பக்கத்திலேயே இருந்தார். அதனால்தான் எழுதுகிறேன். சாவகாசமாக உட்கார்ந்து வாசி.

வீட்டில் எல்லோருக்கும் சுகம். ரப்பர் தளிர்த்துவிட்டது. தேனீப் பெட்டிகளை அருமனைப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டு வைத்திருக்கிறோம். இடையில் மழை வந்து கெடுக்காவிட்டால் தேனுக்குக் குறைவிருக்காது. வேறு விசேஷம் இல்லை.

எர்ணாகுளத்தில் அந்தப் பழைய வீட்டு மச்சிலிருந்து நீ தேனீக் கூட்டை எடுத்த வீடியோவைச் சித்தி கொண்டுவந்து காட்டினாள். சபையிலும் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். எனக்குப் பெருமைதான். வீட்டுக்காரர் மண்ணெண்ணெய் அடிக்கச் சொல்லியும் நீ சம்மதிக்கவில்லையாம். பலகையைப் பெயர்த்து, புகையை மெதுவாக விட்டு, அடையை ஒவ்வொன்றாக அறுத்தாய். புழு இருந்த அடையைத் தலைகீழாக மாறிவிடாமல் சட்டத்தில் வைத்து வாழைநாரால் கட்டினாயே, அது தாத்தாவின் கை. 1991, 92-இல் தேனீப் புழுக்களைச் சாகடிக்கிற சாக்புரூட் வியாதி வந்து ஊரெல்லாம் பெட்டி காலியானபோது, மரப்பொந்திலும் வீட்டுச் சுவரிலும் தப்பிக் கிடந்த கூட்டங்களைத் தேடித் தேடி எடுத்துத்தான் அவர் மறுபடியும் பெட்டிகளை நிறைத்தார். அன்றைக்கு அது வயிற்றுப்பாடு. நீ அதையே தொழிலாக்கிக்கொண்டாய். ராணி பெட்டிக்குள் போனதும் மற்ற ஈயெல்லாம் பின்னாலேயே நடந்து உள்ளே போன இடத்தை அப்பா திரும்பவும் போட்டுப் பார்த்தார். உன்னிடம் சொல்ல மாட்டார்.

ஆனால் மக்களே, முகவலை எங்கே? அவ்வளவு நேரமும் வெறும் முகத்தோடு அடைக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறாய். சட்டைப் பொத்தான் கூடத் திறந்து கிடக்கிறது. வீடியோவுக்கு முகம் தெரிய வேண்டும் என்றுதானே? தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும்? நாங்கள் பெட்டியில் பார்க்கும் ஈ வேறு. அது நாம் வளர்த்தது, திறந்த இடம், ஓடவும் வழி உண்டு. நீ எடுப்பது சுவரை இடித்து வெளியே இழுக்கும் கூட்டம். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு அடுத்ததும் அதே இடத்தில்தான் வந்து கொட்டும். கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடு, எடுத்த இடத்தில் புகை காட்டு என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

போன வாரம் அனுப்பிய படத்தில் ஏன் ஒரு பக்கமாகவே திரும்பி நிற்கிறாய்? வீடியோ கால் போட்டால் எடுப்பதில்லை, சாதாரண கால் என்றால் உடனே எடுக்கிறாய். குரலும் அடைத்த மாதிரி இருந்தது. ஜலதோஷம் என்றாய். சரி, நான் ஒன்றும் கேட்கவில்லை.

பொதுவாகச் சொல்கிறேன். நமக்குக் கொட்டு வாங்கிப் பழகிய உடம்பு என்று நம்பி இருக்காதே. வருஷக்கணக்காக வெறும் வீக்கத்தோடு போனது, ஒரு நாள் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சின்ன மாமாவுக்கு நடந்தது உனக்குத் தெரியும், அதை நான் எழுதத் தேவையில்லை. கொட்டின இடம் வீங்குவது வேறு, கொட்டாத இடத்தில் தடிப்பது வேறு. உதடு வீங்கினாலோ, தொண்டை இறுகினாலோ, தலை சுற்றினாலோ மாத்திரையை விழுங்கிவிட்டு அறையில் படுத்துக் கிடக்கிற காரியம் இல்லை. அட்ரினலின் ஊசி தொடையில் போட வேண்டும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கொஞ்சம் குறைந்ததும் அங்கிருந்து எழுந்து வந்துவிடவும் கூடாது, சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம். ஒரு தடவை அப்படி வந்தவருக்கு அடுத்த தடவையும் வரலாம். அதைவிடப் பலமாகவும் வரலாம். அப்படி யாருக்காவது வந்திருந்தால் அலர்ஜி டாக்டரைப் பார்த்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஊசியைக் கையோடு வைத்திருக்க வேண்டும், போடுவதற்கும் அவரிடமே கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை வேலைக்குப் போகக் கூடாது.

தனியாகப் போகாதே. வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொள்வார் என்று நினைக்காதே, அவர் மேல் ஒன்று கொட்டினால் ஏணியை விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். இருட்டி ஈயெல்லாம் அடைந்த பிறகுதான் பெட்டியை எடுக்க முடியும், பழைய இடத்துக்குத் திரும்பிவிடாமல் இருக்க இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைக்கவும் வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். கொட்டு வாங்கிய உடம்போடு அந்த ராத்திரியில் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதும் நீதானே? வழியில் மயக்கம் வந்தால் யார் பார்ப்பார்கள்? ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள். பணம் போதாவிட்டால் இந்தத் தேன் விற்றதும் நான் தருகிறேன்.

பிளாட்டு மாடியில் தொங்கும் மலைத்தேனீக்கு மட்டும் போகவே போகாதே. அது பெட்டியில் தங்காது. வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டி இருக்கும், காலம் வந்தால் தானாகவே கிளம்பிவிடும். பயப்படுகிறவர்களிடம் ஜன்னலை அடைத்து வைத்துக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல். அது கூட்டமாகக் கிளம்பிவிட்டால் அந்த உயரத்தில் உனக்கு ஒதுங்க இடம் ஏது? எவ்வளவு தருகிறேன் என்று சொன்னாலும் போகாதே.

தொழிலை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நீ இல்லாவிட்டால் அந்த வீடுகளில் எல்லாம் எரித்துத்தான் போடுவார்கள். முகவலை போடு. தனியாக ஏணி ஏறாதே.

பெரிய மாமா சனிக்கிழமை குழித்துறையிலிருந்து ரயிலில் அங்கே வருகிறார். புது முகவலையும் கழுத்து மூடிய முழுக்கைச் சட்டையும் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் டாக்டரைப் பார்த்து, அவர் எழுதிய சீட்டை மாமாவிடம் கொடு. உன் முகத்தை நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வேலை இருக்கிறது என்று எங்கும் போய்விடாதே.

அம்மா