ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள்

எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை கிளப் ஹவுஸ் கழிவறையைக் கழுவும்போது நம் தூய்மைப் பணியாளர் அக்கா விழுந்தது உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட இரண்டு வரிச் செய்திதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. "சாப்பிடாமல் வேலைக்கு வந்ததால் பணியாளர் ஒருவருக்கு லேசான மயக்கம், பயப்பட ஒன்றுமில்லை." குழுவிலேயே பதில் போட்டிருப்பேன், ஆனால் பத்து நிமிடத்தில் பார்க்கிங் பஞ்சாயத்து அதை மேலே தள்ளிவிடும். அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அக்கா அன்றைக்குச் சாப்பிட்டிருந்தார். ஏழரை மணிக்கு எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து தூக்குவாளியில் இருந்து பழைய சோறு சாப்பிட்டதை நானே பார்த்தேன், ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டுக் கொடுத்ததும் நான்தான். அவர் விழுந்தது பசியால் இல்லை, குளோரினால்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். ஹேலஜன்கள் என்று ஒரு குடும்பம் உண்டு, பழைய புத்தகங்களில் உப்பீனிகள் என்று இருக்கும். ஃபுளோரின், குளோரின், புரோமின், அயோடின். அளவோடு இருந்தால் இந்தக் குடும்பம் நமக்கு நல்லது செய்யும். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும் என்பதால்தான் உப்பில் அதைச் சேர்க்கிறார்கள். அளவு மீறினால் அதே குடும்பம்தான் ஆளை முடக்கும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபுளோரைடு அதிகமான நிலத்தடி நீரைக் குடித்தே பல் பழுப்பேறி, முட்டி மடங்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான்.

ஆனால் நம் வளாகத்தில் பிரச்சினை குளோரின். பிளீச்சிங் பவுடரைத் தூவி அரைமணி நேரம் ஊறவிட்டு, அதன் மேலேயே ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் 'பளிச்சென்று' ஆகும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது நம் மேற்பார்வையாளர். பிளீச்சிங் பவுடரில் அடைந்து கிடக்கிற குளோரினை அந்த ஆசிட்டில் இருக்கிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் அப்படியே வாயுவாக வெளியே தள்ளும். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம் என்பதால் அது மேலே போகாது, தரையோடு தேங்கும். கழிவறைக் கோப்பைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்க்கிறவரின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த அறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடி நான்கு மாதம் ஆகிறது. நாற்றம் வருகிறது என்று நடைப்பயிற்சிக்காரர்கள் சொன்னதால் கதவைச் சாத்திக்கொண்டுதான் கழுவ வேண்டும் என்று உத்தரவு வேறு. சேலைத் தலைப்பை நனைத்து மூக்கில் கட்டியிருந்தார், அவ்வளவுதான் அவருக்கு இருந்த பாதுகாப்பு.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தில் ஈப்ரே என்ற ஊருக்கு அருகே ஜெர்மன் படை ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். பதுங்குகுழியில் இருந்தவர்கள் அதில் சிக்கிச் செத்தார்கள், ஏனென்றால் குழிக்குள் இறங்கித் தேங்குகிற வாயு அது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 10 பங்கு இருந்தாலே உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. ஈரத்தில் பட்டால் அமிலமாகும். கண்ணும் தொண்டையும் நுரையீரலும் ஈரம்தானே. இதைவிட மோசம், சில சமயம் அந்த நேரத்துக்கு வெறும் இருமலோடு விட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அக்காவுக்கு அதுதான் நடந்தது. காவலாளி சோடா வாங்கிக் கொடுத்து, நீங்கள் "ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவைத்துவிட்டீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு படுக்க முடியவில்லை, உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்று அவர் மகன் எனக்குப் போன் செய்தான். இரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்தார். உங்கள் செய்தியில் அது "லேசான மயக்கம்".

தயவுசெய்து முதல் வேலையாக, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே ஆளிடம் ஒரே வாளியில் கொடுப்பதை நிறுத்துங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது செவ்வாய்க்கிழமை மட்டும் நடந்தது இல்லை. ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த விரல்களைக் கிட்டத்தில் பார்த்தேன். நுனியில் ரேகையே இல்லை. மெழுகு பூசின மாதிரி வழவழ என்று இருக்கிறது, நகக்கண் ஓரத்தில் மட்டும் வெடித்துச் சிவந்திருக்கிறது. ஐந்து வருடமாகக் கையுறை இல்லாமல் பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவிய கை. போன வருடம் நீங்கள் கேட்டில் கைரேகை மெஷின் வைத்தீர்கள் இல்லையா, அதில் அவர் விரல் விழுவதே இல்லை. தினமும் காலையில் ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பார், சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், பின்னால் நிற்பவர்கள் சத்தம் போடுவார்கள். மெஷின் எடுக்காத நாட்களில் ஆப்சென்ட். மூன்று மாதத்தில் ஒன்பது நாள் சம்பளம் அப்படிப் பிடித்திருக்கிறார்கள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். "என் கைதானம்மா சரியில்லை, மெஷின் என்ன பண்ணும்" என்றார். நம் கழிவறையைக் கழுவித் தேய்ந்த கை அது. அந்த வரியைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நம் வளாகம் மட்டுமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லைதான். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வெளி மாவட்டங்களில் இருந்து சென்னைக்கு வந்து சகதி அள்ளிய தூய்மைப் பணியாளர்களை நாம் எல்லாரும் பார்த்தோம், எத்தனை பேர் கையில் கையுறை இருந்தது? இன்றைக்கும் மழை நின்றால் தெருவோரம் வெள்ளைக்கோடு போட்ட மாதிரி பவுடரைத் தூவிக்கொண்டு போகிறார்கள். காய்ந்த மண்ணில் தூவினால் அது கிருமியைக் கொல்வதைவிடத் தூவுகிறவரின் தொண்டையை அரிப்பதுதான் அதிகம். ஊரெல்லாம் இப்படித்தான் என்பது நமக்குச் சமாதானம் ஆகாது. ஊரை நம்மால் இந்த வாரம் மாற்ற முடியாது, சி பிளாக் ஸ்டோர் ரூமை மாற்ற முடியும்.

அந்த ஸ்டோர் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். கூல்டிரிங்ஸ் பாட்டில்களில் ஆசிட், பெயர் எழுதிய ஒரு துண்டுச்சீட்டுகூட ஒட்டவில்லை, பக்கத்துத் தட்டில் குழந்தைகளின் கேரம் போர்டு. ஆசிட் விற்கிறவர் வாங்குகிறவரின் முகவரியையும் அளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லியிருக்கிறது. நமக்கு இது யாரிடமிருந்து, எந்தப் பதிவேட்டில் வருகிறது என்று பொருளாளர் தயவுசெய்து சொல்ல வேண்டும்.

கோபத்தில் நீளமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, சம்பளம் வாங்காமல் நமக்காக ஓடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். கழிவறைக்கு சோப்புத்தூளும் பிரஷும் பெரும்பாலும் போதும், கறை போகாத இடம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பிளீச்சிங் பவுடர் வேண்டும் என்றால் அதை மட்டும், தண்ணீரில் கரைத்து, கதவைத் திறந்துவைத்து, முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையோடு. ஃபேனைச் சரிசெய்யுங்கள். மருத்துவச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும், பிடித்த ஒன்பது நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவருக்குக் கையெழுத்து வருகைப் பதிவேடு வைக்க வேண்டும். குழுவில் போட்ட அந்தச் செய்தியையும் திருத்திப் போடுங்கள், அவர் மகன் அதைப் படித்துவிட்டான்.

எல்லாவற்றுக்கும் முன்னால், திரும்பவும் சொல்கிறேன், ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள். எந்தெந்தப் பொருளை எதோடு சேர்க்கக் கூடாது என்று பணியாளர்கள் எல்லாருக்கும் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லித்தர நான் தயார், எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்.

டாக்டர் இன்னும் ஒரு மாதம் ஓய்வு என்கிறார். அக்கா அடுத்த திங்கட்கிழமையே வருவதாகச் சொல்கிறார், வீட்டு வாடகை இருக்கிறதாம். அதற்குள் அந்தப் பாட்டில்கள் அங்கே இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
சி பிளாக்கில் குடியிருக்கும் ஒரு வேதியியல் ஆசிரியை