கட்டிங் டேபிளும் கொரோனாக் கோடும்

அவிநாசி
19.6.2021

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். ஆத்தாவுக்கு முதல் ஊசி போட்டாச்சு. 27 மாவட்டங்களில் டீக்கடை திறந்துவிட்டார்கள், நம் கொங்குப் பக்கத்துக்கு மட்டும் இன்னும் இல்லை. மே கடைசியில் தினசரிக் கொரோனாக் கணக்கில் கோவை சென்னையையே முந்தியதற்குக் கிடைத்த பரிசு!

நீ கேட்டிருந்தாய், டிவியில் காட்டும் கொரோனாக் கோடு கோவில் மணி மாதிரி இருக்கிறதே, ஏறினது போலவே இறங்கிவிடும்தானே என்று. மே 21-ல் மாநிலத்தில் ஒரு நாள் தொற்று 36,000-ஐத் தாண்டியது இப்போது 10,000-க்குக் கீழே வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கும் அப்படி நினைக்க ஆசைதான். ஆனால் அந்த மணி வேறு, இந்த மணி வேறு.

எனக்கு மணி வடிவத்தைச் சொல்லிக் கொடுத்தது பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் டேபிள். டீ ஷர்ட் ஆர்டர் வந்தால் எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று என்று ரேஷியோ போட்டு வெட்டுவோமே, அதுதான். நடுவில் கூட்டம், இரண்டு ஓரத்திலும் ஆள் குறைவு. ஒருத்தன் உயரத்துக்கு அப்பன், ஆத்தா, சாப்பாடு என்று நூறு சின்னக் காரணங்கள். ஒன்று கூட்டினால் இன்னொன்று குறைக்கும், கடைசியில் முக்கால்வாசிப் பேர் நடுவில் வந்து நிற்பார்கள். என் உயரம் உன் உயரத்தை மாற்றாது.

நோய் அப்படியா? என்னிடமிருந்து உனக்கு, உன்னிடமிருந்து உன் வீட்டுக்கு. இங்கே நடப்பது கூட்டல் இல்லை, பெருக்கல். அதோடு டிவிக் கோட்டில் கீழே ஓடுவது சட்டை சைஸ் மாதிரி ஓர் அளவு இல்லை, தேதி. ஊரடங்கு போட்டால் சரியும், கூட்டம் கூடினால் மறுபடி ஏறும். மணியாகவே முடியவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. போன வருஷக் கடைசியில் இறங்கிய கோட்டை நம்பித்தானே கல்யாண மண்டபங்களை நிரப்பினோம்?

இதைவிட என்னை உலுக்கியது வேறொரு கணக்கு. ஒருத்தர் சராசரியாக இரண்டு மூன்று பேருக்கு நோயைக் கொடுப்பார் என்று டிவியில் சொன்னார்களே, அதைக் கேட்டு ஆளுக்கு இரண்டு என்று பங்கு வைத்த மாதிரிதான் நானும் நினைத்தேன். போன வருஷம் தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் நோய் வந்த 84,965 பேரையும், அவர்களோடு பழகிய ஐந்தே முக்கால் லட்சம் பேரையும் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். தொற்றுநோய் ஆய்வாளர் ரமணன் லட்சுமிநாராயண் குழு செய்த ஆய்வு. நோய் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் தொடர்பில் இருந்த யாருக்குமே கொடுக்கவில்லை. வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்துதான் புதிய தொற்றில் 60 சதவீதம். இந்த ரேஷியோவில் யாராவது பனியன் வெட்டுவானா, சொல்லு! யார் எத்தனை பேருக்குக் கொடுத்தார் என்று கோடு போட்டால், பூஜ்யத்தில் ஒரு பெரிய குவியல், அப்புறம் வலது பக்கம் நீண்டுகொண்டே போகும் ஒரு வால்.

தம்பிக்கு வந்தபோது ஐந்து பேரும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம், ஒருத்தருக்கும் ஒட்டவில்லை. அதனால் இது சும்மா சளிதான் என்று அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அதே மாதம் மேலத் தெருவில் ஒரு கிடாவெட்டு விருந்து, பந்தியில் உட்கார்ந்தவர்களில் இருபது பேர் படுத்துவிட்டார்கள். சாவடியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை. யோசித்துப் பார்த்தால் இரண்டு கட்சியும் கண்ணால் கண்டதைத்தான் பேசியிருக்கிறது. தம்பி குவியலில் நின்று பேசினான், மேலத் தெருக்காரர்கள் வாலில் நின்று.

ஆடி நோன்புக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா, ஆனால் இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வா. திண்ணையில் கட்டில் போட்டுத் தருகிறேன், காற்றாட இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்