ஒன்றிப்பு மன்றம்: செயலரின் 2025 ஆண்டறிக்கை

வணக்கம். தோத்திரம் சொல்லிப் பழகியவர்களுக்குத் தோத்திரம். பல திருச்சபையினர் கூடும் மன்றம் என்பதால் எதைச் சொல்லித் தொடங்குவது என்பதிலேயே போன வருடம் பத்து நிமிடம் போனது, அதனால் இந்த முறை இரண்டையும் சொல்லிவிட்டேன்.

இந்த ஆண்டு மாதக் கூட்டங்களில் ஒன்பது நடந்தன, மூன்று ஆள் சேராமல் நின்றுபோயின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்புக்கான மன்றாட்டு வாரத்துக்கு நல்ல கூட்டம்; அதில் பாதிப் பேரைப் பிப்ரவரியில் காணோம்.

325-இல் ஆயர்கள் நீசேயா சங்கமாகக் கூடி 1700 ஆண்டு நிறைந்ததால், அங்கே தொடங்கிய விசுவாச அறிக்கையை வரிவரியாகப் படிக்க நான்கு கூட்டங்கள் ஒதுக்கினோம். அதில் இரண்டை ஒரே சொல் தின்றுவிட்டது. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஏற்ற வாசகத்தில் தூய ஆவியார் தந்தையிடமிருந்து புறப்படுகிறார் என்றுதான் இருக்கிறது, 'மகனிடமிருந்தும்' என்பதை மேற்குத் திருச்சபை பிற்பாடு சேர்த்தது, கிழக்கும் மேற்கும் பிரிந்த 1054 பிளவுக்குச் சொல்லப்படும் காரணங்களில் அதுவும் ஒன்று. "அது சரியா தப்பா என்பது அப்புறம், எங்களைக் கேட்காமல் சேர்த்தீர்களே" என்றார் கிழக்குத் தரப்பான ஆர்த்தடாக்ஸ் உறுப்பினர் ஒருவர். எனக்கும் சண்டையின் வேர் அங்கேதான் இருப்பதாகப் படுகிறது. 1965 டிசம்பர் 7 அன்று திருத்தந்தை ஆறாம் பவுலும் கான்ஸ்டான்டிநோபிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை அத்தனாகோரசும், இரு தரப்பும் ஒருவரையொருவர் சபைக்குப் புறம்பாக்கிய 1054-இன் விலக்கத் தீர்ப்புகளை நினைவிலிருந்தே அகற்றுவதாக அறிவித்தார்கள். 911 வருடம் ஆகியிருந்தது. அப்பமும் இரசமும் பகிரும் நற்கருணைப் பந்தி மட்டும் இன்னும் தனித்தனிதான்.

ஏப்ரல் 20 அன்று கிழக்கு, மேற்கு இரு கணக்கிலும் ஈஸ்டர் ஒன்றாக வந்தது. விடியற்காலை சேர்ந்து ஜெபித்துவிட்டு அவரவர் ஆலயத்துக்குப் பிரிந்து போனோம், அதைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது.

ஜூனில் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் லூத்தரன், அந்த அம்மா கத்தோலிக்கர், இருபது வருடமாக ஒருவர் நற்கருணை வாங்கப் போகும்போது மற்றவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். "விசுவாசத்தால் நீதிமானாவது பற்றி 1999-இல் ஆக்ஸ்பர்க்கில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாயிற்று என்று நீங்கள்தானே வகுப்பெடுத்தீர்கள், அப்புறம் என்ன?" என்று கேட்டார்கள். குருத்துவம், திருப்பட்டம், நற்கருணை பற்றிய புரிதல் என்று நீட்டி முழக்கினேன். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த அம்மா கேட்டது வேறு.

"இத்தனை வருடம் பேசி என்ன கிழித்தோம்" என்று ஆகஸ்டில் ஒருவர் கோபப்பட்டார். 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், ஏற்கெனவே இணைந்திருந்த பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் எல்லாம் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை ஆக 28 வருடம் பிடித்தது என்றேன். சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

பொது ஜெபப் புத்தகம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. ஒரே சடங்குக்கு எந்தப் பெயர், ஞானஸ்நானமா, திருமுழுக்கா? குழுவில் மூன்றுக்கு மூன்று. இரண்டையும் போட்டுவிடலாம் என்பது என் கட்சி. அந்தத் தம்பதி பிப்ரவரிக் கூட்டத்துக்கு மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் அன்றைக்குத் தயவுசெய்து வந்துவிடுங்கள்.