மாப்பிள்ளையின் தாத்தா

நியூரம்பெர்க்,
புதன்கிழமை

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு ஆபரேஷனை ஆடி கழியட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறாய். ஆவணி பிறந்ததும் முகூர்த்த நாள் அதிகம், வீட்டில் ஆளில்லை என்று அடுத்த சாக்கைத் தேடாதே. இங்கே எல்லாரும் சுகம். பேத்தி தமிழில் சண்டை போடுகிறாள். சமாதானம் மட்டும் ஜெர்மனில்.

நான் பழைய பட்டாளத்துப் படங்கள் சேர்ப்பதைப் பற்றி, "போயும் போயும் ஹிட்லர் பட்டாளத்து ஆட்களின் படம்தானா கிடைத்தது உனக்கு?" என்று கேட்டிருந்தாய். என் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தைய போரில், 1914க்கும் 1918க்கும் இடையில், ஜெர்மன் பேரரசர் கைசர் காலத்துப் பட்டாளத்தார் எடுத்துக்கொண்டவை. ஹிட்லர் காலத்தவையும் உண்டு, மறைக்கவில்லை. முதல் படத்தை வாங்கியதற்கு நீதான் காரணம் என்றால் நம்புவாயா? இங்கே மே மாதமும் செப்டம்பரிலும் பழைய நகரத் தெருக்களில் 'ட்ரெம்பெல்மார்க்ட்' என்று பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்த படத்தில் ஒரு பையன் விறைப்பாக நிற்கிறான். பின்னால் படுதாவில் ஏரி, பக்கத்தில் மரத்தில் செய்த கைப்பிடிச்சுவர், ஒரு பூந்தொட்டி. உங்கள் அப்பா ஸ்டுடியோ அப்படியே. படுதா தரையில் மடிந்து கிடப்பதுகூடத் தெரிந்தது.

பட்டாளத்தில் சேர்ந்து உடுப்பு கைக்கு வந்ததும் ஸ்டுடியோவுக்குப் போவது அப்போது வழக்கம். போஸ்ட்கார்டு தாளிலேயே பிரிண்ட் போட்டுத் தருவார்கள். பின்புறம் நாலு வரி எழுதி ராணுவத் தபாலில் போட்டால் ஸ்டாம்ப் செலவும் இல்லை. முதல் போரில் அந்தத் தபால் வழியாகப் போய்வந்த உருப்படிகள் மொத்தம் சுமார் 2,870 கோடி என்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் பேர் தெரியாத சிப்பாய் ஒருவனை ஒன்றிரண்டு யூரோவுக்கு வாங்கிவிட முடிகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் மாப்பிள்ளை ஒரு கவரோடு வந்து மேசைமேல் வைத்து, "இதையும் பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார். அவருடைய அம்மாவின் அப்பா. இரண்டாம் போர்க்காலம். இடுப்பு வரைக்குமான ஸ்டுடியோ படம், பின்னால் அக்ஃபா லூபெக்ஸ் என்று தாளின் பேர். வீட்டில் பரம்பரையாகச் சொல்லிவரும் கதை: தாத்தா பட்டாளத்தில் சமையற்கட்டில் இருந்தார், உருளைக்கிழங்கு உரித்தே போரைக் கழித்தார்.

பூதக்கண்ணாடியை எடுத்தேன். முதலில் தொப்பி. முன்னால் நீளமான விளிம்பு வைத்த துணித்தொப்பி. அது தரைப்படைக்குப் பொதுவாக 1943இல்தான் வந்தது. மலைப்படைக்கு அதே சாயலில் முன்பே ஒன்று உண்டு. ஆனால் அதன் பக்கத்தில் எடல்வைஸ் பூச் சின்னம் குத்தியிருக்கும், இதில் இல்லை. ஆக, படம் 1943இலோ அதற்குப் பிறகோ எடுத்தது. அடுத்து சட்டைப் பொத்தான் துளையில் செருகிய ரிப்பன். கருத்த பட்டை, நடுவில் மிக நெருக்கமாக இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடு. 1941 நவம்பர் முதல் 1942 ஏப்ரல் வரை கிழக்குப் போர்முனைக் குளிரில் கிடந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கத்தின் ரிப்பன் அது. சிப்பாய்களே அதற்கு 'உறைந்த இறைச்சிப் பதக்கம்' என்று பேர் வைத்திருந்தார்கள். இடது மார்பில் நீள்வட்டமாக, காயம்பட்டவர்களுக்கான கறுப்புச் சின்னம்: ஒன்று அல்லது இரண்டு காயம். அதன் பக்கத்தில் இன்னொன்று. ஓக் இலை வளையத்துக்குள் குறுக்காக ஒரு துப்பாக்கி.

அதுதான் வசந்தி, சிக்கல். அது காலாட்படைத் தாக்குதல் சின்னம். மூன்று வெவ்வேறு நாட்களில், முன்வரிசையில், கையில் ஆயுதத்தோடு தாக்குதலில் இறங்கியவனுக்குத்தான் கொடுப்பார்கள்.

சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்தேன். கேட்டவர் அவர், படமும் அவருடையது. சொல்லிவிட்டேன். அவர் படத்தை வாங்கி, அந்தச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "அப்படியானால் அங்கே என்னதான் செய்தார்?" என்று கேட்டார். என் பூதக்கண்ணாடிக்கு அதற்குமேல் வழியில்லை. காயத்துக்குப் பிறகு நிஜமாகவே சமையற்கட்டுக்கு மாற்றியிருக்கலாம், அப்படி எத்தனையோ பேரை மாற்றியிருக்கிறார்கள்; வீட்டுக் கதை பாதி உண்மையாக இருக்கலாம். எந்த ஊரில் இருந்தார், அந்த ஊர் ஜனங்களுக்கு என்ன நடந்தது என்பதெல்லாம் சட்டையில் எழுதியிருக்காது. பெர்லினில் ஒரு பழைய அலுவலகம் இருந்தது, போர்க்காலச் சிப்பாய்களின் படைப்பிரிவு, காயம், சிறைபிடிப்பு விவரங்களைக் காப்பதற்காகவே. 2019இல் அதை மத்திய ஆவணக் காப்பகத்தோடு சேர்த்துவிட்டார்கள். அங்கே விண்ணப்பித்தால் படைப்பிரிவு தெரியவரலாம் என்று படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. என் மகள் கேட்டதற்கு, "அம்மாவிடம் முதலில் பேச வேண்டும்" என்றாராம். நியாயம்தான். அந்த அம்மாளுக்கு எண்பது தாண்டிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் வேறு மாதிரி. என் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, "கண்ணைப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சன்!" என்பார். அவர் காட்டுவது 1915ஆம் ஆண்டுப் படம். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிவப்பு பல்பின் கீழ் வளர்ந்தவள் நீ. அந்தக் காலத்து நெகட்டிவ் கண்ணாடித் தட்டுக்குச் சிவப்பு தெரியாது, நீலமோ வெள்ளையாகப் பதியும். நீலக்கண்காரன் எவன் உட்கார்ந்தாலும் விழி வெளுத்து, பேய் பிடித்தவன் மாதிரி வருவான். முகத்தில் சிவப்பாக இருக்கும் புள்ளியெல்லாம் கருத்துப்போகும். டச்சப்காரர் பென்சிலோடு உட்கார்ந்தால் கன்னம் மழமழவென்று மெழுகுபொம்மை ஆகும். பாதிக் கல்நெஞ்சம் தட்டிலிருந்து வந்தது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் அதே குறை ஓரிடத்தில் கைகொடுக்கிறது. கைசர் காலத்துத் தொப்பியின் முன்னால் இரண்டு வட்டச் சின்னம் இருக்கும். மேலே உள்ளது பேரரசுக்கு: கறுப்பு, வெள்ளை, சிவப்பு. கீழே உள்ளது அந்தப் பேரரசுக்குள் இருந்த அவனவன் நாட்டுக்கு. பிரஷ்யாக்காரனுக்குக் கறுப்பு-வெள்ளை-கறுப்பு, எங்கள் ஊர் இருக்கும் பவேரியாக்காரனுக்கு வெள்ளை-நீலம்-வெள்ளை. அந்தத் தட்டில் சிவப்பும் கறுப்பும் ஒன்றாகிவிடுவதால் பிரஷ்யாக்காரனின் இரண்டு வட்டமும் ஒரே மாதிரி தெரியும். பவேரியாக்காரனின் கீழ்வட்டம் மட்டும் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் முழுக்க வெளுத்திருக்கும். இப்போது பெட்டியைக் கவிழ்த்தால் எங்கள் ஊர்க்காரர்களைத் தனியே பிரித்துவிடுவேன்.

பிரிப்பதில் பலனும் உண்டு. பிரஷ்யப் படையின் ஆவணங்கள் பாட்ஸ்டாமில் இருந்தன. 1945 ஏப்ரல் 14 குண்டுவீச்சில் அநேகமாக எல்லாம் எரிந்துபோயின. பவேரியப் படையின் பதிவேடுகள் மியூனிக்கில் தப்பித்துவிட்டன. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், எங்கெங்கே சண்டை, எப்போது காயம் என்று ஒவ்வொரு சிப்பாய்க்கும் வரிசையாக எழுதியிருக்கிறார்கள். பெயர் மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் படத்தில் பெயர் எங்கே இருக்கிறது? பின்னால் எழுதியிருந்தாலும் கூரண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து, இங்குள்ள இளசுகளுக்கே படிக்க வராது. எதிர்வீட்டுப் பாட்டியிடம்தான் கொண்டுபோவேன்.

இங்கே ஒன்று கேள். கத்தோலிக்கக் கிராமங்களில் ஒருவன் போரில் செத்தால், கோயில் பூசையன்று உள்ளங்கையளவு அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் ஏசு, மறுபக்கம் பெயர், ஊர், இறந்த இடம், ஒரு ஜெபம், கூடவே அவன் படம். அந்தப் படம் புதிதாக எங்கிருந்து வரும்? ஸ்டுடியோவில் எடுத்து வீட்டுக்கு அனுப்பிய அதே போஸ்ட்கார்டுதான். என்னிடம் தோள்பட்டையில் 14 என்று எண் போட்ட ஒருவன் இருந்தான். இந்த ஊர்க் காலாட்படை. தொப்பி கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், காலர் கொக்கி மாட்டியிருக்காது. வேறொரு கடையில் இந்தச் சாவு அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதே சாய்ந்த தொப்பி, அதே திறந்த கொக்கி. 1916 செப்டம்பர், பிரான்சில் சோம் நதிப் போர்முனை. ஒரு தச்சனின் மகன். பெயரையும் ஊரையும் உனக்கு எழுதவில்லை, அந்த வீட்டார் இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்.

இந்த வியாபாரிகளிடம் எனக்கு ஒரே ஒரு தீராத கோபம். முழு ஆல்பம் கைக்கு வந்தால் கிழித்து ஒவ்வொன்றாக விற்பார்கள், அதில்தான் காசு. கறுப்பு உடுப்பு டாங்கிக்காரன், விமானி எல்லாம் தனி விலை. அம்மா, நாய்க்குட்டி, கல்யாணம் எல்லாம் குப்பைப்பெட்டிக்கு. படத்தின் முதுகில் ஆல்பத்தின் கறுப்புத் தாள் ஒட்டிக்கொண்டு வரும், அடியில் எழுதியிருந்ததும் அதோடு போச்சு. யாருடைய மகன், யாருக்கு அண்ணன் என்று சொல்ல இனி ஒன்றுமில்லை. போதாததற்கு ஸ்வஸ்திகத்தின்மேல் ஸ்டிக்கர். குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவில் அந்தச் சின்னத்தைப் பகிரங்கமாகக் காட்டத் தடை; ஆராய்ச்சிக்கும் வரலாற்றுக்கும் விலக்கு உண்டு. சட்டம் சரியானதுதான், எனக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் ஸ்டிக்கரை உரித்தால் படத்தின் தோலும் கூடவே வருகிறதே, கண்ணாடித்தாள் உறையில் போட்டு உறைமேல் ஒட்டக் கூடாதா?

டாங்கிக்காரனின் காலரில் மண்டையோடு இருப்பதைப் பார்த்து "எஸ்எஸ், எஸ்எஸ்" என்று, ஹிட்லர் கட்சியின் தனிப்படை என்று சொல்லி, விலையை ஏற்றுவார்கள். அது பழைய பிரஷ்யக் குதிரைப்படையிலிருந்து வந்த அடையாளம், சாதாரணத் தரைப்படைக்காரனும் அணிந்தான். கழுகு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்: வலது மார்பில் என்றால் தரைப்படை, இடது கையின் மேல்பக்கம் என்றால் எஸ்எஸ். அதற்காகத் தரைப்படைக்காரன் என்றால் கை சுத்தம் என்று அர்த்தமில்லை. அப்படி நம்பிக்கொண்டிருந்த தலைமுறையைத்தான் 1995இல் ஹாம்பர்க் சமூக ஆய்வு நிறுவனம் வைத்த கண்காட்சி உலுக்கியது. தரைப்படையும் கிழக்கில் கொலைகளில் பங்கெடுத்ததைப் படங்களோடு காட்டினார்கள். பிறகு சில படங்களில் கிடந்த பிணங்கள் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவை என்று வரலாற்றாசிரியர்கள் இருவர் எடுத்துக்காட்ட, 1999இல் கண்காட்சியை நிறுத்தி நிபுணர் குழு போட்டார்கள். 1,433 படங்களில் இருபதுக்கும் குறைவானவைதான் அங்கே இருந்திருக்கக் கூடாதவை. அடிப்படைக் கருத்து சரி என்றது குழு. ஆனாலும் அந்தச் சிலவற்றை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எல்லாமே பொய் என்றார்கள் தெரியுமா? அதனால் நான் ஒவ்வொரு படத்தையும் போட்டுவைக்கும் உறையின்மேல் இரண்டு பத்தியாக எழுதுகிறேன். கண்ணுக்குத் தெரிவது ஒரு பக்கம், நான் ஊகிப்பது மறுபக்கம். இரண்டாவது பக்கம் பலவற்றில் காலிதான்.

பக்கத்து ஃபியூர்த் நகரத்து ஸ்டுடியோ ஒன்றின் முத்திரையோடு கொஞ்சம் படங்கள் வைத்திருக்கிறேன். பெரிய யூத சமூகம் இருந்த ஊர் அது. கைசரின் படையில் ஏறத்தாழ ஒரு லட்சம் யூதர்கள் இருந்தார்கள், 12,000 பேர் செத்தார்கள். என் கையில் இருப்பவர்களில் யார் யூதர், யார் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே நாற்காலி, அதே படுதா, அதே இரும்புச் சிலுவைப் பதக்கத்தின் ரிப்பன். முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவோம் என்று கிளம்பியவர்கள் இந்த நாட்டில் முன்பு இருந்தார்கள்.

சரி, உன் வீட்டுக்காரர் கேட்ட எம்டன் விஷயம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பலின் மாலுமி படம் கிடைக்குமா என்றால், தொப்பி ரிப்பனில் 'எஸ்.எம்.எஸ். எம்டன்' என்று போட்ட படங்கள் வருகின்றன. அவசரப்பட்டு வாங்கக் கூடாது. அந்தக் கப்பல் அதே நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவருகே அழிந்தது. 1916இல் அதே பெயரில் இன்னொரு கப்பல் கடலில் இறங்கியது, ரிப்பன் வாசகமும் அதேதான். பழையதில் இருந்தவன் என்று காட்ட, படத்தில் 1914க்கு முந்தைய தேதியோ போருக்கு முன் அந்தக் கப்பல் தங்கியிருந்த சீனத் துறைமுகம் சிங்டாவ் ஸ்டுடியோவின் முத்திரையோ இருந்தால் நம்பலாம். கேப்டன் ஃபான் முல்லரின் படம் வேண்டுமானால் கவலையே இல்லை, போஸ்ட்கார்டாக அச்சடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஒன்று வாங்கி அனுப்புகிறேன்.

உன்னிடம் ஓர் உதவி வேண்டும். மாப்பிள்ளையின் தாத்தா படத்தை ஸ்கேன் செய்து இதோடு வைத்திருக்கிறேன், அவரிடம் கேட்டுத்தான். தோள்பட்டையின் விளிம்பில் ஒரு வெளிர்கோடு ஓடுகிறது பார். படைவகையைக் காட்டும் நிறத் துணியா, அல்லது டச்சப்காரர் பென்சிலால் இழுத்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. துணி என்றால் காலாட்படையின் வெள்ளை என்று உறையின் முதல் பத்தியில் எழுதுவேன். உன் கண்ணுக்கு நெகட்டிவ் கீறலும் பென்சில் கோடும் அத்துப்படி. பெரிதாக்கிப் பார்த்து எழுது. டாக்டர் தேதி கொடுத்ததும் அதையும் எழுது. அந்த வாரம் போன் போடுகிறேன்.

உன்
கமலா