கொல்லையில் இருக்கும் உன் கல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

குட்டிகள் இரண்டுக்கும் சளி தேவலையா? நீ வேளைக்குச் சாப்பிடு. காதை மூடாமல் வெளியே போகாதே.

உன் கல் முருங்கை மரத்தடியில் அப்படியே இருக்கிறது. சிலைக்காகப் பாதி குடைந்து விட்டாயே, அந்தக் குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது, காலையில் மைனா வந்து குடிக்கிறது. உன் அம்மா அதன்மேல் துணி உலர்த்தினால் நான் எடுத்துவிடுகிறேன்.

போன வருஷம் உன் பிரசவத்துக்கு நான் இங்கிலாந்து வந்தபோது லீட்ஸிலிருந்து வேக்ஃபீல்டுக்குக் கூட்டிப் போனாயே, சிற்பி பார்பரா ஹெப்வொர்த் பிறந்த ஊர். அங்கே மியூசியத்தில் அவர் செய்த அலுமினியச் சிறகின் முன்னால் நான் ஒன்றும் புரியாமல் நின்றேன். நீயோ அவருடைய உளிகள் இருந்த மேசையை விட்டு நகரவில்லை, வயிற்றில் கை வைத்தபடி நின்றாய். அன்று நீ சொன்னதைக் காதில் வாங்கவில்லை, இப்போதுதான் தேடிப் படித்தேன். 1934 அக்டோபரில் அவருக்கு ஒரே பிரசவத்தில் மூன்று பிள்ளைகள். மறுவருஷமே வெள்ளைப் பளிங்கில் மூன்று உருவங்கள், முகமும் இல்லை கையும் இல்லை, ஒன்றுக்கொன்று தள்ளி வைத்த இடைவெளிதான் பேசுகிறது. போர் வந்ததும் செயின்ட் ஐவ்ஸ் கடலோரத்துக்குப் போய், பகலெல்லாம் பிள்ளைகளும் தோட்டமுமாக இருந்துவிட்டு, கல்லைத் தொட முடியாத அந்த நாட்களில் ராத்திரி உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அதே மனுஷிதான் 1964-ல் நியூயார்க்கில் ஐ.நா. சபை முன்னால் 21 அடி வெண்கலத்தை நிறுத்தியவர்.

உன் கல்லூரிக் கண்காட்சியில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'என் மகள் செதுக்கியது' என்று சொன்னவன் நான். இப்போது வாரம் ஒரு போன், அதிலும் பால், டயப்பர், தூக்கம். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை வந்து ஏழு மாதமாகிறது. நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்?

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நீ உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாய். பெண்ணுக்குக் கல் வேலை எதற்கு என்று சம்பந்தி கேட்டார். 'அதெல்லாம் கல்யாணம் ஆனதும் விட்டுவிடுவாள்' என்று நான்தான் சொன்னேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாப்பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு அங்கேதான் இருந்தார். இத்தனை வருஷம் உன்னிடம் மறைத்துவிட்டேன் அம்மா, தப்பு என்னுடையது.

உளிகளில் துரு ஏறியிருந்தது. தேய்த்து எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன், நீ சரி என்றால் மட்டும். உளிகளை அனுப்பட்டுமா? வேண்டாம் என்றாலும் அதையாவது எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா