இசைச் சங்க ஆண்டறிக்கை – குன்னூர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் பிள்ளைகளை அனுப்பி வைக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஒன்பது முறை கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் நம் வாத்திய அலமாரியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஜூலையில் பிள்ளைகளுக்காக ஏ.ஆர்.ரகுமான் பற்றி ஒரு மாலைக் கூட்டம் நடத்தினோம். 1998-இல் வந்த இந்திப் படத்துக்காக நம் மலை ரயிலின் கூரைமேல் ஆடிப் படமாக்கிய பாட்டு அவருடையதுதான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் அவருடைய சிறு வயதைச் சொன்னோம். அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர். மகனுக்கு ஒன்பது வயதிலேயே காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்தப் பையன் வளர்ந்து, 1992-இல் வந்த முதல் தமிழ்ப் படத்துக்கே தேசிய விருது பெற்றார். 2009-இல் இரண்டு ஆஸ்கர். அதற்கு முன்பே, 2008-இல், சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கியிருந்தார். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மேற்கத்திய இசையை இலவசமாகச் சொல்லித்தரும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவும் அவர் முயற்சிதான். சினிமாவில் சம்பாதித்த பெயரை இப்படிப் பிள்ளைகள் பக்கம் திருப்பியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயனிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள்: "சார், நம்ம வயலின் எல்லாம் பூட்டியே இருக்கே, அது யாருக்கு சார்?"

ஈரத்துக்குப் பயந்து பூட்டினோம். உள்ளே நாற்பது வாட் பல்பை எரியவிட்டுக் காப்பாற்றி வந்தோம். வீட்டுக்குக் கொடுத்தால் பாழாகும் என்று முன்பு வாதாடியவன் நான்தான். ஆகஸ்டில் அந்த முடிவை மாற்றி, ஆறு வயலினில் ஐந்தைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பினோம். முதல் கையெழுத்து அந்தப் பெண்ணுடையது.

நவம்பர் மழையில் அலமாரி பல்பு ஃப்யூஸ் போனதை நாங்கள் கவனிக்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த ஒரு வயலினின் தந்தியை முறுக்கும் பிரடைகள் உப்பி இறுகிவிட்டன, பின்பலகையில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. அந்தப் பெண் வீட்டில் போய்ப் பார்த்தேன். அடுப்பங்கரைச் சுவருக்கு மறுபுறம் ஆணியடித்து, பழைய சால்வையில் சுற்றி மாட்டியிருந்தாள். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. பூஞ்சையின் சுவடே இல்லை. தினமும் பொழுது சாய்ந்ததும் எடுத்து வாசிக்கிறாளாம்.

பழுதானதைக் கோவைக்கு அனுப்பியிருக்கிறோம். இன்னும் நான்கு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். உறுப்பினர்கள் வீட்டில் பரண்மேல் கிடக்கும் வயலின், ஆர்மோனியம், தபலா எதுவானாலும் கொடுங்கள். தந்தி மாற்றும் செலவைச் சங்கம் ஏற்கும்.

நன்றி.

செயலாளர்